கறையறிந்து துலக்குவோம்

உடன்குடி என்றதும் கருப்பட்டியின் இனிப்பு நினைவுக்கு வரும். கருப்பட்டி தந்த பனையே, வீட்டைத் தேய்த்துக் கழுவத் தும்பையும் தந்தது. தூத்துக்குடி உப்பளங்கள் உப்பை அளித்தன. புளியும் சாம்பலும் அடுக்களையிலேயே இருந்தன. இவற்றைக் கொண்டே நம் முன்னோர் வீட்டையும் கலங்களையும் துலக்கினர்.

இவ்வழக்கத்தில் அறிவியல் உண்டு. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் செம்புக் குடத்தின்மேல் படிந்த ஆக்சைடைக் கரைக்கிறது. எலுமிச்சைச் சாறு, கடினநீர் வாளியில் விட்டுச்சென்ற சுண்ணக் கறையை நீக்குகிறது. பூந்திக்கொட்டையிலுள்ள சபோனின் நுரைத்து எண்ணெய்ப் பிசுக்கை அகற்றுகிறது.

இன்றோ கறைக்கொரு புட்டி வாங்குகிறோம். கழிவறை துலக்கும் அமிலத்தோடு சலவைத்தூளைக் கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். முதல் உலகப்போரில், 1915ஆம் ஆண்டு, பெல்ஜியத்தின் ஈப்பர் களத்தில் படைக்கருவியாக ஏவப்பட்ட நச்சுவாயு அது. காற்றோட்டமற்ற குளியலறையில் அதனைச் சுவாசிப்பவர் பெரும்பாலும் நம் தாய்மாரே.

வேதிப்பொருள்களை முற்றிலும் விலக்குதல் இயலாது. தொற்றுநோய்க் காலத்தில் சலவைத்தூளின் பணியைப் புளி செய்யாது. புளியும் அமிலமாதலால் அதனையும் சலவைத்தூளோடு சேர்த்தல் தீது. ஆகவே, அன்றாடக் கறைக்கு எளிய பொருளும், நோய்க்கிருமிக்கு உரிய கிருமிநாசினியும் போதும். சலவைத்தூளை நீரோடன்றி வேறெதனோடும் கலத்தல் கூடாது.

மாணவர்களே! புட்டியின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்டுள்ள எச்சரிக்கையை வீட்டாருக்குப் படித்துக்காட்டுங்கள். நீங்கள் கற்ற வேதியியல் முதலில் காக்க வேண்டியது உங்கள் இல்லத்தையே.