அரசரடியில் ஒலித்த பறை

தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி வழங்கக் கோரி 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை மறுத்த இத்தகுதியைச் சீக்கியர்கள் 1956இலும் பௌத்தர்கள் 1990இலும் பெற்றனர். கிறிஸ்தவர்கள் இன்றும் காத்திருக்கின்றனர்.

இவ்வேளையில் மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியை நாம் நினைவுகூர வேண்டும். தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் திருச்சபைகளும் போதகர் பயிற்சிக்காக 1969இல் இணைந்து உருவாக்கிய இக்கல்லூரி, இறையியலைத் தமிழிலேயே கற்பிக்கிறது. 'பரட்டை' என அறியப்பட்ட பேராசிரியர் ஜே. தியோபிலஸ் அப்பாவு இங்கேதான் நாட்டுப்புற இசையை வழிபாட்டுக்குள் கொணர்ந்தார். தீண்டத்தகாததென ஒதுக்கப்பட்ட பறை பீடத்தருகே ஒலித்தது. கர்நாடக மெட்டுக் கீர்த்தனையே புனிதம் என்னும் சாதிய அழகியல் அங்கே கேள்விக்குள்ளானது. ஒரே உலையில் சமைத்துப் பகிர்ந்துண்பதை அவர் நற்கருணையின் பொருளாக்கினார்.

2005இல் அப்பாவு மறைந்தார். கிறிஸ்தவர்களிடையே சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் இன்னும் மறையவில்லை. வகுப்பறையில் விடுதலை இறையியல் பயின்ற போதகர் கிராமச் சபைக்குச் செல்லும்போது, அவருக்குத் துணைநிற்க வேண்டியது மறைமாவட்ட நிர்வாகம். தில்லியிடம் நாம் நீதி கேட்பது நியாயமே. கல்லறைச் சுவரை இடிப்பதற்கோ தில்லியின் ஆணை தேவையில்லை. திருச்சபையின் தீர்மானமே போதும்.