வாழையடி வாழையும் ஒரே அச்சுக் கன்றும்



இந்த மாதம் சாப்பாட்டு விஷயம் ஒன்றைப் பேசலாம். ஒரு மாட்டைப் போலவே அச்சு அசலாக இன்னொரு மாட்டை உருவாக்கி, அதன் பாலையும் இறைச்சியையும் மனிதர் உண்ணலாமா? உலகம் பல ஆண்டுகளாக இதை வாதாடிக்கொண்டிருக்கிறது. இந்த வித்தைக்குக் குளோனிங் என்று பெயர். நாம் படியெடுப்பு என்று சொல்லிக்கொள்வோம். "இதெல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்கள் சமாசாரம், நமக்கெதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இதைப் பற்றிப் பேசத் தோட்டத்து மக்களுக்குத் தனித் தகுதி உண்டு.

எப்படி என்கிறீர்களா? வீட்டுக் கொல்லையில் நிற்கும் வாழையைப் பாருங்கள். அடியில் முளைக்கும் பக்கக்கன்று தாய்மரத்தின் படியேதான். வாழையடி வாழை என்று வாழ்த்துகிறோமே, அது படியெடுப்புக்கு நம் முன்னோர் வைத்த பெயர் போலவே இருக்கிறது! ரப்பர் மரத்துக்கு வாருங்கள். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற பெயரை மரம் சீவிய பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நிறையப் பால் தரும் ஒரு மரத்தின் மொட்டை எடுத்து, நாற்றின் தண்டில் ஒட்டுக்கட்டி வளர்த்தார்கள். வேர் மட்டும் வேறு. மேலே நிரை நிரையாக நின்றவை எல்லாம் அந்த ஒரே மரத்தின் படிகள். அந்தப் பாலைச் சுமந்துதான் நம் தாய்மார்கள் நமக்குச் சோறு போட்டார்கள்.

மரத்துக்கு ஒரு கத்தியும் ஒரு கட்டும் போதும். ஆடு மாடுகளை அப்படி ஒட்டுக்கட்ட முடியாது. படியெடுக்க வேண்டிய விலங்கின் உடம்பிலிருந்து ஓர் உயிரணுவை எடுப்பார்கள். வேறொரு பெண் விலங்கின் சினைமுட்டையில் உள்ள உட்கருவை நீக்கிவிட்டு, அந்த உயிரணுவை அதனோடு இணைப்பார்கள். கரு வளரத் தொடங்கியதும் மூன்றாவது ஒரு தாயின் வயிற்றில் வைப்பார்கள். 1996-ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வுக்கூடத்தில் டாலி என்ற செம்மறி ஆடு இப்படித்தான் பிறந்தது. 277 முறை இணைத்துப் பார்த்ததில் கருவாக வளர்ந்தவை 29. அவற்றைச் சுமந்த ஆடுகள் 13. உயிரோடு பிறந்த குட்டி ஒன்றே ஒன்று. இந்தக் கணக்கைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி இந்தியாவுக்கு வருவோம். ஹரியானா மாநிலத்தின் கர்னாலில் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நிறையப் பால் கறக்கும் எருமை இனத்தைப் பெருக்க வேண்டும் என்பது அங்குள்ளவர்களின் நோக்கம். 2009 பிப்ரவரியில் படியெடுத்த முதல் எருமைக் கன்று அங்கே பிறந்தது. சில நாட்களில் இறந்தும் போனது. அதே ஆண்டு ஜூனில் பிறந்த கரிமா இரண்டு ஆண்டுகள் வாழ்ந்தது. 2010-இல் பிறந்த இரண்டாம் கரிமாவோ வளர்ந்து சினைப்பட்டு, 2013 ஜனவரியில் மகிமா என்ற கன்றை ஈன்றது. 2023 மார்ச்சில் கங்கா என்ற கிர் இனப் பசுங்கன்று பிறந்தது. உயிரணு ஒரு பசுவினுடையது, முட்டை இன்னொன்றினுடையது, வயிற்றில் சுமந்தது வேறொன்று. ஒரு கன்றுக்கு மூன்று தாய்கள்!

சரி, இவற்றின் பாலைக் குடித்தால் நமக்கு ஏதேனும் ஆகுமா? 2008 ஜனவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதற்குப் பதில் சொன்னது. படியெடுத்த மாடு, பன்றி, வெள்ளாடு ஆகியவற்றின் இறைச்சியும் பாலும் மற்றவற்றைப் போலவே பாதுகாப்பானவை என்றது. பொட்டலத்தின் மேல் தனியாக எழுத வேண்டியதில்லை என்றும் விட்டுவிட்டது. அதே ஆண்டு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் உணவில் வேறுபாடு தெரியவில்லை என்றது. ஆனால் படியெடுத்த கன்றுகளில் கணிசமானவை நோயாலும் கோளாறுகளாலும் துன்பப்படுகின்றன என்று சேர்த்துச் சொன்னது. கரு அளவுக்கு மீறிப் பருத்துவிடுவதால் பிரசவத்தில் தாய்ப்பசுவும் வதைபடுகிறது. 2015 செப்டம்பரில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர்கள் பண்ணை விலங்குகளைப் படியெடுப்பதைத் தடுக்க வேண்டும் என்று வாக்களித்தார்கள்.

ஆகவே, குடிக்கிறவன் வயிற்றைப் பற்றிய அச்சம் பெரிதாக வேண்டாம். சுமக்கிற வயிற்றைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். லயத்தில் மாடு வளர்த்தவர்களுக்கு இது புரியும். கன்று குறுக்கே நின்று பசு கதறும் இரவில் அந்த லயத்தில் யார் தூங்கியிருப்பார்கள்?

இன்னொரு பாடமும் உண்டு. அதை நம் செம்பனையே கற்றுத் தந்திருக்கிறது. எங்கள் செடெனாக் வட்டாரத்திலும் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையில் ஒட்டுக்கட்ட முடியாது. அதனால் 1970-களில் நல்ல மரத்தின் திசுவை ஆய்வுக்கூடக் குப்பியில் வளர்த்துக் கன்றுகளாக்கினார்கள். எல்லாரும் மகிழ்ந்தார்கள். 1980-களில் பார்த்தால், சில மரங்களில் பழத்தைச் சுற்றிப் போர்வை போர்த்தியதுபோல் வேண்டாத சதை. குலைகள் பிடிக்காமல் வீணாயின. நாற்றாக இருந்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. காய்க்கும் பருவம் வந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. மலேசியச் செம்பனை வாரியத்தின் ஆய்வாளர்கள் வெளிநாட்டாருடன் சேர்ந்து 2015-இல் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். மரபணுவின் எழுத்து மாறவில்லை. அதன்மேல் ஒட்டியிருக்க வேண்டிய ஒரு சிறு வேதியியல் அடையாளம் குப்பியில் வளர்ந்தபோது உதிர்ந்துவிட்டது. விலங்குகளின் படியெடுப்பிலும் பல கோளாறுகளுக்கு இத்தகைய அடையாளங்களின் குழப்பமே காரணம் என்கிறார்கள். நூலைப் போல சேலை என்பது சரிதான். ஆனால் நெய்யும் தறி சரியாக இருக்க வேண்டுமே!

எல்லாம் ஒரே அச்சாக இருப்பதிலும் ஆபத்து உண்டு. குரோ மிஷல் என்ற வாழையைத்தான் ஒரு காலத்தில் உலகச் சந்தை முழுதும் விற்றது. இங்கே நாம் பீசாங் எம்புன் என்கிறோமே, அதுதான். பனாமா வாடல் நோய் வந்து, மத்திய அமெரிக்காவின் தோட்டங்களை 1950-களில் அழித்தது. ஒன்றுக்கு வந்த நோயை எதிர்க்க அடுத்ததற்கும் வலுவில்லை, ஏனென்றால் இரண்டும் ஒன்றே. மாட்டு மந்தைக்கும் அதே விதிதான்.

அதற்காக அறிவியலைக் குறை சொல்ல நான் வரவில்லை. அழிந்துவரும் ஓரினத்தைக் காப்பாற்ற அது உதவுமானால் வரவேற்போம். ஆனால் என் பள்ளிப் பிள்ளைகளின் தட்டில் விழுவது எங்கிருந்து வந்தது என்று அறியும் உரிமை அவர்களைப் பெற்றவர்களுக்கு வேண்டும். பொட்டலத்தின் மேல் ஒரு வரி அச்சடிக்க எவ்வளவு செலவாகிவிடும்? பேசாமல் விற்பதுதான் சந்தேகத்தை வளர்க்கிறது.

உங்களால் செய்யக்கூடியவை இரண்டு. சொந்தமாக இரண்டு ஏக்கர் செம்பனை நடுகிறவர்கள், கன்று எங்கே உருவானது, சோதித்ததா என்று கேட்டு, ரசீதோடு வாங்குங்கள். தவறான கன்று என்று தெரிய மூன்று ஆண்டுகள் ஆகும், அந்த மூன்று ஆண்டு உழைப்பை யாரும் திருப்பித் தர மாட்டார்கள். கொல்லையில் இடமிருப்பவர்கள் ஒரே வாழையை வைக்காமல் இரண்டு மூன்று வகை வையுங்கள். ஒன்று போனாலும் ஒன்று நிற்கும்.

அடுத்த இதழில் சந்திப்போம்.