செல்பேசி இல்லாதவரும் குடிமக்களே

2021-ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி, 18 வயது முதல் 44 வயது வரையிலானோருக்கும் கரோனா தடுப்பூசி போடலாம் என்ற அறிவிப்பு நடைமுறைக்கு வந்தது. இரண்டாவது அலையின் உச்சத்தில், தலைநகர் தில்லியில் பிராணவாயு உருளைக்கும் மருத்துவமனைப் படுக்கைக்கும் மக்கள் அலைந்துகொண்டிருந்த நாள்கள் அவை. ஆனால், இந்த வயதினர் நேரே தடுப்பூசி மையத்துக்குச் சென்றுவிட முடியாது. "கோவின்' தளத்தில் பதிவு செய்து, நாளும் நேரமும் ஒதுக்கப்பெற்ற பின்னரே செல்ல வேண்டும் என்பது விதி.

இணைய வசதி உள்ளவர்களுக்கே அது எளிதாக இல்லை. ஒதுக்கீடு திறந்த சில நொடிகளில் இடங்கள் தீர்ந்தன. கணினி நிரல் எழுதத் தெரிந்த இளைஞர்கள், காலியிடத்தைக் கண்டறியத் தனி வழி வகுத்துக்கொண்டனர். நகரத்தில் இடம் கிடைக்காதவர்கள் கார்களில் கிராமப்புற மையங்களுக்குச் சென்று ஊசி போட்டுத் திரும்பினர். அந்தக் கிராமங்களில் வாழ்ந்தவர்களோ, தங்கள் ஊர் மையத்திலேயே தங்களுக்கு இடமில்லாமல் நின்றனர்.

பெருந்தொற்றையும் அது விளைவித்த பொருளாதார வீழ்ச்சியையும் எதிர்கொள்வதில் தொழில்நுட்பம் ஆற்றிய பங்கு குறித்துப் பேசும்போது, உலகமே வியந்த சாதனை என்று ஒரு தரப்பும், ஏழைகளை ஏமாற்றிய மாயை என்று மறுதரப்பும் வாதிடுகின்றன. இரண்டும் முழு உண்மையல்ல. ஒரே தொழில்நுட்பம் ஓரிடத்தில் கைகொடுத்தது. வேறோரிடத்தில் கதவை அடைத்தது. அதை எந்த இடத்தில் வைத்தோம் என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

கைகொடுத்த இடத்தை முதலில் சொல்ல வேண்டும். 2020 மார்ச் 24-ஆம் தேதி இரவு 8 மணிக்கு அறிவிக்கப்பட்ட பொது முடக்கம், நான்கு மணி நேரத்தில் அமலுக்கு வந்தது. அந்த ஏப்ரல் - ஜூன் காலாண்டில் நாட்டின் உற்பத்தி 23.9 சதவீதம் சுருங்கியதாக அரசின் முதல் மதிப்பீடே தெரிவித்தது. அன்றாடக் கூலியை நம்பியிருந்த குடும்பங்களின் வருவாய் ஒரே இரவில் நின்றது. அந்நிலையில், ஜன் தன் கணக்கு வைத்திருந்த ஏறத்தாழ 20 கோடிப் பெண்களுக்கு மாதம் ரூ. 500 வீதம் மூன்று மாதங்களுக்கு மத்திய அரசு பணம் செலுத்தியது. தொகை சிறியது, போதாதது. ஆயினும், இடைத்தரகர் எவருமின்றிச் சில நாள்களில் அத்தனை கணக்குகளில் பணம் வரவு வைக்கப்பட்டது சாதாரணச் செயல் அல்ல.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பெண்கள் எந்தச் செயலியையும் பதிவிறக்கம் செய்ய வேண்டியிருக்கவில்லை; புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருக்கவில்லை. கணினியின் வேலை அனைத்தும் அரசின் பின்கட்டிலேயே முடிந்தது. வங்கிகளில் நெரிசல் ஏற்படாதிருக்க, கணக்கு எண்ணின் கடைசி இலக்கத்தைக் கொண்டு பணம் எடுக்கும் நாள்கள் பிரிக்கப்பட்டன. வங்கிக்குச் செல்ல இயலாத ஊர்களில் தபால்காரர்கள் கைரேகைக் கருவியுடன் வீடு தேடிச் சென்று பணம் வழங்கினர். பின்கட்டில் இயந்திரமும் வாசலில் மனிதருமாக அமைந்த ஏற்பாடு அது.

அதே தலைநகரில் அதே நாள்களில் வேறொரு காட்சியும் இருந்தது. குடும்ப அட்டை இல்லாதவர்களுக்கு உணவு தானியம் தர முன்வந்த தில்லி அரசு, அதற்கான மின்னணுக் கூப்பனை இணையதளத்தில் விண்ணப்பித்துப் பெறும்படி கூறியது. பசித்தவருக்கும் அரிசிக்கும் நடுவே ஒரு செல்பேசி வந்து நின்றது. பிகாரிலோ உத்தரப் பிரதேசத்திலோ குடும்ப அட்டை வைத்திருந்த தொழிலாளி, அதைத் தில்லி நியாயவிலைக் கடையில் பயன்படுத்தவும் முடியவில்லை. எந்த மாநில அட்டையைக் கொண்டும் எங்கும் தானியம் பெறும் திட்டம் 2019 ஆகஸ்டிலேயே நான்கு மாநிலங்களில் தொடங்கப்பட்டிருந்தும், தில்லிக்கு அது 2021 ஜூலையில்தான் வந்து சேர்ந்தது. கருவி கையில் இருந்தது. அரசுகளிடம் முனைப்பு இல்லை.

20 கோடிக் கணக்குகளை நொடியில் அடையாளம் கண்ட அரசுக்கு, நெடுஞ்சாலைகளில் நடந்து சென்றவர்கள் யார் என்று தெரியவில்லை. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர்களைப் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 1979-இலேயே இயற்றப்பட்டது. அது ஏட்டளவில் நின்றது. ஊர் திரும்பியவர்கள் 1 கோடியே 4 லட்சத்துக்கும் அதிகமானோர் என்று 2020 செப்டம்பரில் மக்களவையில் தெரிவித்த தொழிலாளர் நலத்துறை, வழியில் உயிரிழந்தவர்கள் குறித்த விவரம் இல்லை என்றும் கூறியது. உச்சநீதிமன்றம் 2021 ஜூன் 29-இல் கெடு விதித்த பிறகே, ஆகஸ்டில் "இ-ஷ்ரம்' தளம் தொடங்கப்பட்டது. இன்று 30 கோடிக்கும் அதிகமான அமைப்புசாராத் தொழிலாளர்கள் அதில் பதிவு செய்துள்ளனர். அந்தப் பட்டியல் 2020 மார்ச்சில் இருந்திருந்தால் எத்தனை பேரின் பசியைப் போக்கியிருக்கும்!

தடுப்பூசி விஷயத்திலும் நீதிமன்றமே தலையிட வேண்டியதாயிற்று. இணையப் பதிவு செய்ய இயலாதவர்கள் உறவினர், நண்பர்கள், பொதுச் சேவை மையங்களின் உதவியை நாடலாம் என்று மத்திய அரசு விளக்கம் அளித்தது. நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு 2021 மே 31 தேதியிட்ட உத்தரவில் அதை ஏற்கத் தயங்கியது. இணையதளத்தை மட்டுமே நம்பினால் அனைவருக்கும் தடுப்பூசி என்ற இலக்கை எட்ட முடியாது என்றும், விளிம்புநிலை மக்களே அதன் பாதிப்பைச் சுமப்பர் என்றும் சுட்டிக்காட்டியது. அடுத்த மாதமே கொள்கை மாறியது. ஜூன் 21 முதல் நேரடிப் பதிவுக்கு எங்கும் வழி திறக்கப்பட்டது. அக்டோபர் 21-இல் நாடு 100 கோடி தவணைகளை எட்டியது. இருப்பு, தவணை, சான்றிதழ் ஆகியவற்றைக் கணக்கிடும் பணியில் "கோவின்' பெரிதும் பயன்பட்டது. வாயிற்காவலன் வேலையிலிருந்து விடுவிக்கப்பட்ட பிறகே அதன் உண்மையான பயன் வெளிப்பட்டது.

மொழியிலும் இதே அலட்சியம்தான். தொடக்கத்தில் ஆங்கிலம் மட்டுமே இருந்த அத்தளத்தில், 2021 ஜூன் முதல் வாரத்தில் இந்தியும் வேறு சில மொழிகளும் சேர்க்கப்பட்டபோது, தமிழ் விடுபட்டிருந்தது. எதிர்ப்பு எழுந்த பின்னரே தமிழ் இடம்பெற்றது. உயிர்காக்கும் மருந்துக்கான விண்ணப்பத்தைத் தன் தாய்மொழியில் படிக்கும் உரிமைக்காகக்கூட ஒரு குடிமகன் குரல் எழுப்ப வேண்டுமா?

பெருந்தொற்று கடந்துபோன கதை என்று இவற்றை ஒதுக்கிவிட முடியாது. அதன் பழக்கம் ஆட்சி நிர்வாகத்தில் தங்கிவிட்டது. 2023 ஜனவரி முதல், ஊரக வேலை உறுதித் திட்டத் தொழிலாளர்களின் வருகைப் பதிவுக்குச் செயலி கட்டாயமாக்கப்பட்டது. அலைவரிசை கிடைக்காத ஊரில் செய்த வேலைக்குச் சான்று இல்லாமற்போகும் அச்சம் உருவானது. 2025 ஜூலை முதல் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் அங்கன்வாடியில் வழங்கப்படும் சத்துணவுப் பொருளுக்கு முக அடையாளச் சரிபார்ப்பு கட்டாயமாக்கப்பட்டது. தெருவில் எல்லோருக்கும் தெரிந்த தாயின் முகம், அங்கன்வாடிப் பணியாளருக்கும் தெரியும்; அது போதாதா?

போலிகளைக் களைய இவை தேவை என்கிறது அரசு. அந்தக் கவலை நியாயமானதே. ஆனால், போலி ஒருவரைத் தடுப்பதற்காக உண்மையான பயனாளி ஒருவர் திருப்பி அனுப்பப்பட்டால், அதற்குப் பொறுப்பேற்பவர் யார்? இயந்திரத்தின் மீது வழக்குத் தொடர முடியாது. எண்ம வசதியைப் பெறுவது அரசியல் சாசனத்தின் 21-ஆவது பிரிவு வழங்கும் வாழ்வுரிமையின் அங்கம் என்று 2025 ஏப்ரல் 30-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அந்த வசதி இன்னும் எட்டாதவருக்கும் வாழ்வுரிமை உண்டு என்பதும் அதே பிரிவின் பொருள்தான்.

எனவே, உணவு, மருத்துவம், கூலி ஆகிய மூன்றிலும், செயலியோ இணையமோ இன்றிப் பயன்பெறும் மாற்றுவழி விதியாகவே எழுதப்பட வேண்டும். திருப்பி அனுப்பப்படுபவருக்குக் காரணத்தை எழுத்தில் தரவும், அதே நாளில் முடிவெடுக்கவும் அதிகாரம் பெற்ற அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். அரசுத் தளங்கள் அந்தந்த மாநில மொழியுடனேயே தொடங்கப்பட வேண்டும். அடுத்த தொற்று எப்போது வரும் என்று எவராலும் கூற இயலாது. அது வரும் நாளில் இவற்றை யோசித்துக்கொண்டிருக்க அவகாசம் இராது. 2020 மார்ச்சில் நமக்குக் கிடைத்தது நான்கு மணி நேரம்தான்.