காட்டேரிக் காதலும் நமது இளக்காரமும்

பதின்வயதினருக்கான காட்டேரிக் காதல் என்றவுடனேயே இலக்கிய நண்பர்களின் உதட்டில் ஓர் ஏளனச் சிரிப்பு அரும்பிவிடுகிறது. படிக்காமலும் பார்க்காமலும் வழங்கப்படும் தீர்ப்பு அது.

ஷெரிடன் லெ ஃபானுவின் ‘கார்மில்லா’ 1871-72இல் இதழொன்றில் தொடராக வந்தது. ‘டிராகுலா’வுக்குக் கால் நூற்றாண்டு மூத்தது. லாரா என்னும் பெண்ணை நேசிக்கும் காட்டேரிப் பெண்ணின் நெஞ்சில் முளையறைந்து தலையைத் துண்டிக்கிறார்கள் ஆண்கள். லாராவின் மனத்தை எவரும் கேட்பதில்லை.

2022இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘ஃபர்ஸ்ட் கில்’, வி. இ. ஷ்வாபின் சிறுகதையிலிருந்து பிறந்த தொடர். இங்கே அந்த முளை காதலியின் கையிலேயே இருக்கிறது. ஜூலியட் காட்டேரிக் குடும்பத்தவள். கலையோபி அரக்கர்களை வேட்டையாடும் குடும்பத்தவள். இருவரிடமும் அவரவர் வீடு எதிர்பார்ப்பது முதல் கொலையை. பிள்ளைகளின் கையில் பகையைத் திணித்துவிட்டு அதற்கு மரபென்று பெயர் சூட்டும் பெரியவர்களை என்னவென்று அழைப்பது? அரக்கர் யார் என்ற கேள்வி இங்கேதான் இடம் மாறுகிறது.

வரைகலை மலிவு, வசனம் தட்டை, ஒப்புக்கொள்கிறேன். எட்டே அத்தியாயங்களோடு தொடர் நிறுத்தப்பட்டதும் உண்மை. ஆனால் எழுப்பிய கேள்வி மலிவானதன்று. லாராவுக்கு மறுக்கப்பட்ட முடிவு கலையோபியின் கைக்கு வந்திருக்கிறது. அதைக் காண மறுக்கும் இளக்காரத்தை இரசனை என்றழைக்க எனக்கு மனம் வரவில்லை.