காவிரிப் படுகை வாயுவும் முல்லா வீதி அடுப்பும்

இத்தனை இலட்சம் குடும்பங்களுக்கு எரிவாயு இணைப்பு வழங்கிவிட்டோம் என்று ஆட்சியாளர்கள் மேடைதோறும் கணக்கு அடுக்குகின்றனர். அந்தக் கணக்கை நாம் மறுக்கவில்லை. ஆனால் இணைப்பு என்பது என்ன? ஒரு ரெகுலேட்டர், ஒரு ரப்பர் குழாய், ஒரு சிறு புத்தகம். இவற்றால் மட்டும் உலை கொதித்துவிடாது. சிலிண்டரில் வாயு இருக்க வேண்டும். அது வாசலுக்கு வரும் நாளில் கையில் பணமும் இருக்க வேண்டும். எண்ணப்பட வேண்டியவை இணைப்புகள் அல்ல, எரிகின்ற அடுப்புகள் என்கிறோம் நாம்.

இது நாமாகக் கிளப்பும் குறையன்று. உஜ்வலா திட்டம் 2016 மே முதல் நாள் தொடங்கப்பட்டது. அதனை ஆராய்ந்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2019ஆம் ஆண்டு அறிக்கை, 2018 டிசம்பர் முடிய எடுத்த கணக்கில் 3.18 கோடிப் பயனாளிகள் ஆண்டுக்குச் சராசரியாக வாங்கியது 3.21 சிலிண்டர்களே என்று கூறியது. ஏறத்தாழ நான்கு மாதத்திற்கு ஒன்று! எஞ்சிய நாட்களில் எரிந்தவை விறகும் சுள்ளியும். புகையை விழுங்கியவர்கள் பெண்மக்கள்.

விலையின் கதை வேறு. 14.2 கிலோ சிலிண்டர் 2023 மார்ச்சில் சென்னையில் 1,118 ரூபாய் 50 காசுக்கு ஏறியது. அவ்வாண்டு ஆகஸ்டில் 200 ரூபாயும், 2024 மார்ச்சில் 100 ரூபாயும் இறங்கி, 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறி 868 ரூபாய் 50 காசில் வந்து நின்றது. 2024 மார்ச்சில் இறங்கியதற்கும் அடுத்த மாதமே தொடங்கிய நாடாளுமன்றத் தேர்தலுக்கும் தொடர்பில்லை என்று நம்புவோர் நம்பட்டும்.

புதுச்சேரி அரசு 2023இல் சிவப்பு அட்டைக்கு 300 ரூபாயும் மஞ்சள் அட்டைக்கு 150 ரூபாயும் மானியம் அறிவித்தது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆயினும் அது முழு விலையையும் கொடுத்தவருக்குப் பின்னர் வங்கிக் கணக்கில் சேரும் தொகை. ரமலானில் ஸஹர் வேளையில் சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது சிலிண்டருக்கு வைப்புத்தொகை கட்ட இயலாத குடும்பம் அது. குடும்பத் தலைவனோ அன்றாடம் கூலி பெறுபவன். பிறகு வரப்போகும் மானியம் அந்த விடியலில் ஒரு தம்ளர் பாலைக்கூடக் காய்ச்சித் தராது. கடன் கொடுக்க வசதியுள்ளவன் அரசு; ஆனால் இங்கே ஏழை அரசுக்குக் கடன் கொடுக்கிறான்.

இனி நம் மனத்தை உறுத்தும் செய்திக்கு வருவோம். இதே புதுச்சேரி ஆட்சிப்பரப்பின் ஒரு பகுதியான காரைக்கால், நகருக்குத் தெற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டரில் இருக்கிறது. அது எரிவாயு கிடைக்கும் காவிரிப் படுகை. திருமலைராயன்பட்டினத்தை அடுத்து 32.5 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் ஒன்றைப் புதுச்சேரி அரசின் மின்கழகம் நிறுவி, 2000ஆம் ஆண்டிலிருந்து நடத்தி வருகிறது. விசையாழிக்குக் குழாய் அன்றே போய்ச் சேர்ந்தது. வீட்டு அடுப்புக்கோ, குழாய் அமைக்கும் உரிமம் வழங்கப்படுவதற்கே 2018ஆம் ஆண்டின் ஒன்பதாம் ஏலச்சுற்று வரவேண்டியிருந்தது. மின்சாரம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பதினெட்டு ஆண்டுகளாக ஆலையின் பசி கண்ணுக்குத் தெரிந்தது, அடுப்பங்கரை தெரியவில்லை என்பதே நமது குற்றச்சாட்டு.

நீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் முஸ்லிம்கள் பங்காளிகள் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்த செய்தி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. நெருப்பைப் பொதுவாக்கிய மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், மண்ணுக்கடியில் இறைவன் வைத்த நெருப்பில் முதற்பங்கு யாருக்கு என்று கேட்காமல் இருக்கலாகுமா?

“எரிவாயு மத்திய அரசின் பொருள், எங்கள் கையில் ஏதுமில்லை” என்பார்கள். 2004இல் உச்சநீதிமன்றமும் இயற்கை எரிவாயு மத்தியப் பட்டியலைச் சேர்ந்தது என்றே கூறியது. சரி. ஆனால் இயற்கை எரிவாயு இன்னும் சரக்கு சேவை வரிக்குள் வரவில்லை. அதன்மீது விற்பனை வரி விதிப்பது உள்ளூர் அரசே. வீதியைத் தோண்ட அனுமதி தருவதும், அதற்குக் கட்டணம் வாங்குவதும், எந்த வீதிக்கு முதலில் குழாய் என்று உரிமதாரரிடம் வலியுறுத்துவதும் உள்ளூரில் நடப்பவையே. எண்ணூரில் 2019இல் இறக்குமதி முனையம் திறக்கப்பட்டது. அங்கிருந்து தூத்துக்குடி வரை செல்லும் பெருங்குழாய்த் திட்டத்தின் பெயரிலேயே புதுச்சேரி இருக்கிறது. பெயரில் இருப்பது முல்லா வீதிக்கும் காஜியார் வீதிக்கும் என்று வரும்?

அகலச் சாலையும் அடுக்குமாடியும் உள்ள பகுதிகளில் குழாய் இடுவது எளிது. ஆதாயமும் விரைவில் வரும். நம் வீதிகளோ குறுகலானவை, வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஆனால் இங்குதான் தேவை மிகுதி. வாயுவும் இரும்புமாக ஏறத்தாழ 30 கிலோ கனக்கும் சிலிண்டரை ஒடுங்கிய மாடிப்படியில் தூக்கிச் சென்று பார்த்தவர்களுக்கு இது புரியும். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். குழாயில் வரும் இயற்கை வாயு காற்றைவிட இலேசானது. திறப்பு இருந்தால் மேலெழுந்து கலைந்துவிடும். சன்னல் சிறுத்த அடுக்களைகளுக்கு இந்த வேறுபாடு அற்பமானதன்று.

பள்ளிவாசல்களில் காய்ச்சும் நோன்புக் கஞ்சியையும் இங்கே சொல்ல வேண்டும். அந்த அண்டாவுக்கு வணிகச் சிலிண்டர்தான். வீட்டுச் சிலிண்டருக்கு 5 விழுக்காடு வரி. வணிகச் சிலிண்டருக்கு 18 விழுக்காடு. விற்பனையே இல்லாத கஞ்சி, வரிப் பட்டியலில் உணவகத்துப் பிரியாணியோடு அமர்ந்திருக்கிறது! ஏழைக்கு ஊற்றும் கஞ்சிக்கு ஒரு விலக்களிக்க டெல்லிக்கு மனம் வரவில்லை.

அரசை மட்டும் ஏசிவிட்டு ஓய்ந்திருக்க நமக்கு உரிமையில்லை. வீட்டுக்குள் குழாய் நுழைய உரிமையாளரின் சம்மதம் வேண்டும். சுவரில் துளை விழுமென்றும், குடியிருப்பவர் நிலைத்துவிடுவாரென்றும் அஞ்சிக் கையொப்பமிட மறுக்கும் வீட்டுக்காரர்கள் நம்மிடையே இல்லையா? தனியார் போகட்டும். வக்பு வீடுகளில் வாடகைக்கு இருப்போருக்கு முத்தவல்லிகள் இந்தச் சம்மதக் கடிதத்தைக் கேட்காமலே கொடுக்கலாமே! ஜமாஅத்துகள் வீதிவாரியாகப் பெயர்ப்பட்டியல் எடுத்து, வைப்புத்தொகையைத் தவணையில் வாங்கும்படி ஒன்றுகூடிக் கேட்கலாம். அடுத்த ரமலான் பிறை தென்படுமுன் அந்தப் பட்டியல் அதிகாரிகளின் மேசைக்குப் போய்ச் சேரவேண்டும். அதில் முதல் பக்கத்தில் இருக்க வேண்டியவை வக்பு வீடுகளின் கதவிலக்கங்கள்.