கிண்ணத்துக்கு முன்பு மத்தியஸ்தரைத் தேடுவோம்

மன்னாரிலும் யாழ்ப்பாணத்துக் கரையோரப் பங்குகளிலும் உதைபந்தாட்டம் வெறும் பொழுதுபோக்கன்று. புனிதர்களின் பெயர் தாங்கிய கழகங்கள் ஊருக்கு ஊர் உண்டு. பெருநாள் வந்தால் சுற்றுப்போட்டியும் வரும். 14, 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் தனியாகப் போட்டிகள் நடைபெறுவது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் ஏற்பாட்டுக் குழுக் கூட்டங்களிலே கிண்ணத்துக்கு அனுசரணை யார், பிரதம விருந்தினர் யார், ஒலிபெருக்கி யாருடையது என்று இரவு வெகுநேரம் வரை பேசுகின்றோம். மத்தியஸ்தர் யார் என்ற கேள்வி போட்டி நாள் காலையில்தான் எழுகின்றது. அப்போது அகப்படுபவர், போட்டியை நடத்தும் கழகத்தின் பழைய வீரர் ஒருவர்.

அவர் நல்ல மனிதராகவே இருக்கலாம், நேர்மையாகவும் ஊதலாம். ஆயினும் அவருடைய மருமகன் இடது புறத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது அவர் கொடுக்கும் தண்ட உதையை அடுத்த ஊரார் நம்பப் போவதில்லை. மைதானத்திலே தொடங்கிய பேச்சு மறுநாள் மீன் ஏலம் கூறும் இடத்திலும் தொடர்கின்றது. இரண்டு கிராமங்களின் மீனவர் சங்கங்களை ஒரே மேசையில் இருத்துவதற்கு நாம் மாதக்கணக்கில் உழைக்கின்றோம். ஓர் ஓவ்சைட் தீர்ப்பு அதை ஒரே மாலையில் கலைத்துவிடக்கூடும்.

இது எமக்கு மட்டும் உரிய நோயன்று. இங்கிலாந்திலே 19ஆம் நூற்றாண்டில் ஒவ்வோர் அணியும் தன் சார்பில் ஒரு நடுவரைக் கூட்டிவந்தது. அவ்விருவரும் உடன்படாதபோது மட்டும் மைதானத்துக்கு வெளியே நின்ற மூன்றாமவரைக் கேட்டார்கள். 1891இல் அந்த மூன்றாமவரையே மைதானத்துக்குள் இறக்கி, தீர்ப்பை அவரிடம் ஒப்படைத்து, மற்ற இருவரையும் கோட்டுக்கு அனுப்பினார்கள். எமது ஊர்ப் போட்டிகள் பல இன்னும் 1891க்கு முன்னே நிற்கின்றன என்று சொன்னால் ஏற்பாட்டாளர்கள் கோபிக்கக் கூடாது.

தகைமை என்பது 17 விதிகளையும் மனனம் செய்வதல்ல. ஒரு வீரர் சிறு காயம் அடைந்தால் ஆட்டத்தைத் தொடரவிடலாம், கடுங்காயமென்றால் உடனே நிறுத்த வேண்டும் என்கிறது 5ஆம் விதி. எது சிறிது, எது கடியது என்று அந்தக் கணத்திலே தீர்மானிப்பவர் மத்தியஸ்தர். பயிற்சியில்லாதவர் பந்தின் பின்னே ஓடுகிறார். பயிற்சி பெற்றவரோ பந்து போன பிறகும் விழுந்த பிள்ளையைத் திரும்பிப் பார்க்கிறார். தலையில் அடிபட்ட சிறுவனைக் கேட்டால் "ஓம், விளையாடுவேன்" என்றுதான் சொல்வான். அந்தச் சொல்லை ஏற்கக் கூடாது என்று தெரிந்தவர் ஒருவர் அங்கே நிற்க வேண்டும்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. தேசிய சம்மேளனம் அனுமதித்தால், இளையோர் போட்டிகளில் மஞ்சள் அட்டைக்குரிய குற்றத்துக்குச் சிறிது நேரம் வெளியே இருத்தும் முறையைக் கைக்கொள்ளலாம். மொத்த ஆட்ட நேரத்தின் 10 முதல் 15 வீதம் வரை அத்தண்டனை நீடிக்கும். 60 நிமிட ஆட்டமென்றால் 6 முதல் 9 நிமிடம். வாய் நீண்ட பையனுக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. ஆனால் விதி அறிந்தவர் கையிலேதான் அது மருந்து.

மத்தியஸ்தர்களைப் பங்கிடும் முறையிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. இருப்பவர்களில் மிகத் திறமையானவரை இறுதிப் போட்டிக்கென்று வைத்துக்கொள்கின்றோம், விருந்தினர் வருவார் என்பதற்காக. முதற் சுற்றிலே, வெயிலிலே, 14 வயதுப் பிள்ளைகள் விளையாடும் ஆட்டத்துக்கு ஆரம்பப் பயிற்சிகூட இல்லாதவர் போகிறார். பெரியவர்களுக்கு ஆட்டம் தெரியும், தப்பிக்கொள்வார்கள். பிள்ளைகளோ மத்தியஸ்தர் விட்டுக்கொடுப்பதையே விதியென்று கற்றுக்கொள்கிறார்கள். எனவே யார் எந்த ஆட்டத்துக்கு என்பதைப் போட்டி நடத்தும் கழகம் தீர்மானிக்கக் கூடாது. லீக்கிடமிருந்து, எழுத்தில், ஒரு கிழமைக்கு முன்னதாகப் பெயர்கள் வரவேண்டும். தன் ஊர் அணியின் ஆட்டத்துக்கு எவரும் போகக் கூடாது. பழைய பகையுள்ள இரு அணிகள் சந்திக்கும் நாளில், அது எந்தச் சுற்றானாலும், அனுபவசாலியே போகவேண்டும். புதியவர் அவரோடு கோட்டில் நின்று பழகட்டும்.

சில இடங்களில் இதற்கெல்லாம் குறுக்குவழி கண்டுபிடித்திருக்கிறார்கள்: பங்குச் சுவாமியையே ஊதச் சொல்வது! என்னையும் கேட்டதுண்டு, மறுத்திருக்கிறேன். அங்கிக்கு அஞ்சி வாய்மூடி நிற்பது தீர்ப்பை ஏற்பதாகாது.

நெதர்லாந்தின் அல்மேரே நகரில் 2012 டிசெம்பரில் நடந்த இளையோர் போட்டியொன்றில், கோட்டு மத்தியஸ்தராகத் தொண்டுக்கு நின்றவர் ஒரு வீரனின் தந்தை. ஆட்டம் முடிந்ததும் எதிரணி இளைஞர்கள் அவரை அடித்து உதைத்தார்கள். மறுநாள் அவர் இறந்தார். வசதி மிகுந்த நாட்டிலேயே இவ்வாறு நடந்தது. மகன் விளையாடும் ஆட்டத்தில் தந்தையிடம் கொடியைக் கொடுத்து விடுபவர்கள், அந்தத் தந்தையை எந்த இடத்தில் நிறுத்துகின்றோம் என்று சிந்திப்பது நல்லது.

ஆட்கள் இல்லை என்பார்கள். விளையாடும் வயது கடந்து மதிலோரம் நின்று கத்தும் இளைஞர்கள் ஒவ்வொரு பங்கிலும் எத்தனை பேர்! பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 2022 உலகக் கிண்ணத்தில் ஜேர்மனியும் கொஸ்தாரிக்காவும் மோதிய ஆண்கள் ஆட்டத்தை நடத்தியவர் பிரான்ஸ் நாட்டுப் பெண்மணி ஸ்டெபனி ஃப்ரப்பார். ஒவ்வொரு கழகமும் இருவரை மத்தியஸ்தர் பயிற்சிக்கு அனுப்பினால்தான் அணியைப் பதிவு செய்யலாம் என்று லீக்குகள் விதிக்கட்டும். பஸ் செலவையும் ஒரு நாட்கூலியையும் ஆட்டம் தொடங்குமுன்பே, வென்றவர் தோற்றவர் என்றில்லாமல் இரு அணிகளிடமும் சமமாக வாங்கி, மத்தியஸ்தரின் கையில் கொடுத்துவிட வேண்டும். அடுத்த பெருநாளுக்கு ஒலிபெருக்கிக்காரருக்கு முன்பணம் கொடுக்கும் அதே கிழமையில், லீக் செயலாளருக்கும் ஒரு கடிதம் போகட்டும்.