ஜவ்வரிசி மூட்டையும் ஆலைத் தண்ணீரும்

ஜவ்வரிசி வாங்கும்போது மணி வெள்ளையா, உடைசல் எவ்வளவு, ஈரம் உண்டா என்று கையில் அள்ளிப் பார்த்தே நாம் விலை பேசுகிறோம். அந்த மணியை உருட்டிய ஆலையின் தண்ணீர் எங்கே போகிறது என்று மட்டும் கேட்பதில்லை. இனி அதையும் கேட்டாக வேண்டும் என்பது நமது கருத்து.

சேலம் பகுதியில் 1943-ல் தொடங்கிய இத்தொழிலுக்கு 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆலைகளுக்கு வரும் குச்சிக்கிழங்கில் ஒரு பங்கு கொல்லிமலையில் விளைகிறது. சாமையும் தினையும் விளைந்த மேட்டு நிலங்களில் பல இன்று குச்சிக்கிழங்குக் காடுகளாகிவிட்டன. மலைவாழ் விவசாயிக்குக் கைக்காசு தருவது அதுதான். ஆலை நின்றால் அவர் கிழங்கு காட்டிலேயே கிடக்கும். நம் கடையில் விலை எகிறும்.

ஆலையை நிறுத்தக்கூடியது அதன் கழிவுநீரே. கிழங்கைக் கழுவவும், அரைக்கவும், மாவைத் தெளிய வைக்கவும் ஏராளமான தண்ணீர் செலவாகிறது. வெளியேறும் நீரில் மாவுச்சத்து கரைந்திருப்பதால் அது புளித்து நாறும். கிழங்கில் இயல்பாக உள்ள சயனைடு நச்சும் அதில் கலந்திருக்கும். அது கிணறுகளில் இறங்கினால் ஊரார் திரள்வார்கள்; மாசு கட்டுப்பாட்டு வாரியம் கதவை மூடச் சொல்லும். நிலத்தடி நீர் கெட்டால் அதே நீரில் தெளியும் மாவின் நிறமும் கெடும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. காற்றுப் புகாத தொட்டியில் இந்நீரைத் தேக்கினால் நுண்ணுயிர்கள் மாவுச்சத்தைத் தின்று எரிவாயு தருகின்றன. அதில் பெரும்பகுதி மீத்தேன். ஜெனரேட்டர் ஓட்டலாம், மணி வறுக்கும் அடுப்பை எரிக்கலாம். சேலம், நாமக்கல் பகுதி ஆலைகள் சிலவற்றில் இது நடைமுறையிலும் வந்துவிட்டது. திறந்த குட்டையில் நீர் நாறிக் கிடந்தால் அதே மீத்தேன் வானத்தில் கலந்து, கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கு புவியைச் சூடாக்கும். திப்பியை மாட்டுத் தீவனமாக விற்றுக் காசு பார்க்கும் தொழில், தண்ணீரில் கரைந்து போகும் காசை ஏன் விட வேண்டும்?

தொட்டியிலிருந்து வரும் நீரை மேலும் காற்றூட்டித் தெளிய வைத்து, சோதித்த பின் பாசனத்துக்கு விடலாம். இங்கேதான் மலை விவசாயிக்கும் ஒரு நன்மை செய்ய முடியும். தேமல் நோய் கண்ட குச்சியையே திரும்பத் திரும்ப நடுவதால் விளைச்சல் குறைகிறது. நோயற்ற செடியின் குச்சியை இரண்டு கணுவுள்ள துண்டுகளாக நறுக்கி, நிழல்வலைக் கூடத்தில் முளைக்க வைத்து, தேமல் கண்டவற்றைப் பிடுங்கி எறிந்து, நல்ல நாற்றை மட்டும் நடும் முறையைத் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்திலுள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் பரிந்துரைக்கிறது. ஆலையை ஒட்டி அத்தகைய கூடம் ஒன்று இருந்தால், கிழங்கு இறக்கிய லாரி நாற்றுடன் மலையேறலாம்.

சிறிய ஆலைக்காரர் செலவைத் தாங்குவாரா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அருகருகே உள்ள ஆலைகள் கூடிப் பொதுத் தொட்டி கட்டலாம். அரசும் வங்கிகளும் கைகொடுக்க வேண்டும். கிலோவுக்குச் சிறிது விலை கூடினாலும், ஆலை மூடிய பின் ஏறும் விலையைவிட அது குறைவாகவே இருக்கும்.

உறுப்பினர்கள் இரண்டு காரியம் செய்யலாம். மொத்தக் கொள்முதலின்போது, எரிவாயுத் தொட்டி உள்ள ஆலையின் சரக்கா என்று கேட்டு, தரமும் விலையும் ஒத்திருந்தால் அதற்கே முதலிடம் தாருங்கள். சேகோசர்வ் விற்பனைப் பட்டியலில் அந்த விவரத்தையும் சேர்க்கும்படி நம் சங்கம் கடிதம் எழுதட்டும். வாங்குகிறவன் கேட்டால்தான் விற்கிறவன் செய்வான் என்பது நாம் அறியாத பாடமா?